இருபடிச் சார்பின் வரைபடம் அச்சுகளை எங்கே வெட்டும்? கேள்வி பதில்

கேள்வி: சார், ஒய் = 2எக்ஸ்² − 3எக்ஸ் − 5. அச்சுகளை வெட்டும் புள்ளிகளை எப்படி எடுப்பது?

பதில்: எக்ஸுக்கு 0 போட்டால் மாறிலி மட்டும் மிஞ்சும். ஒய் அச்சில் (0, −5). அடுத்து ஒய்யை 0 ஆக்குங்கள். பெருக்கினால் −10, கூட்டினால் −3 வரும் எண்கள் −5, 2. நடு உறுப்பைப் பிரித்தால் (எக்ஸ் + 1)(2எக்ஸ் − 5) = 0. புள்ளிகள் (−1, 0), (5/2, 0). இரண்டாவதை 5 என்று எழுதிவிடுவார்கள். 2 ஆல் வகுக்க மறப்பதுதான் காரணம்.

கேள்வி: எக்ஸ்² − 4எக்ஸ் + 1 காரணிக்கு மசியவில்லையே?

பதில்: மசியாது. தன்மைகாட்டி (நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து 4 × முதல் கெழு × மாறிலியைக் கழித்தது) 16 − 4 = 12, முழு வர்க்கம் இல்லை. இருபடிச் சூத்திரத்தில் [(−நடுக்கெழு ± √தன்மைகாட்டி) ÷ (2 × முதல் கெழு)] போடுங்கள்: 2 ± √3, அதாவது ஏறக்குறைய 3.73, 0.27. நடுக்கெழு −4 என்பதால் சூத்திரத்தின் முதல் உறுப்பு +4. இந்தக் குறியில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

கேள்வி: (எக்ஸ் − 3)² ஒய் அச்சை −3 இல் வெட்டுமா?

பதில்: இல்லை, 9 இல். எக்ஸ் அச்சை (3, 0) இல் தொட்டுவிட்டுத் திரும்பும்.

கேள்வி: மகள் போட்ட எக்ஸ்² + 2எக்ஸ் + 5 எக்ஸ் அச்சைத் தொடவே இல்லை. தப்பா?

பதில்: சரிதான். தன்மைகாட்டி −16, மெய் மூலங்கள் இல்லை. வளைவின் மிகத் தாழ்ந்த புள்ளியான முனை (−1, 4). ஒய் அச்சை மட்டும் 5 இல் வெட்டும். அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். எக்ஸ் = −3 க்கு ஒய் 8 வரவேண்டும். கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல் −3² அடித்தால் −9 காட்டும்; ஒய் −10 ஆகி, அந்த ஒரு புள்ளி வளைவுக்கு வெளியே தொங்கும்.

கேள்வி: அண்ணா, பத்தாம் வகுப்புக் கணக்கு: ஒய் = எக்ஸ்² − 4 வரைந்து எக்ஸ்² − எக்ஸ் − 12 = 0 ஐத் தீர்க்க வேண்டும். 2, −2 என்று எழுதினேன், மார்க் போய்விட்டது.

பதில்: அவை எக்ஸ்² − 4 = 0 இன் மூலங்கள், தம்பி. கேட்டது வேறு சமன்பாடு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி: ஒய் = எக்ஸ் + 8. இந்த நேர்கோட்டை (−4, 4), (0, 8), (4, 12) வழியாக அதே தாளில் வரை. எக்ஸ்² − 4 இன் வளைவான பரவளையத்தை (−3, 5), (4, 12) இல் வெட்டும். விடை எக்ஸ் மதிப்புகள் மட்டும்: −3, 4. கழிக்கும்போது −(−12) என்பது +12. அங்கே குறி மாறினால் கோடு −16 இல் தொடங்கி வளைவைத் தொடாமலே போய்விடும். ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று வை, தாளுக்குள் அடங்கும். அளவுத்திட்டத்தை மூலையில் எழுதிவிடு.