வெகுளி என்றால் கோபமா?

கேள்வி: பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில் என் மகளுக்குக் கண்ணகி வேடம். வழக்குரைக்கும் காட்சிக்கு எதிரே தமிழாசிரியை 'வெகுளி' என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். என் அப்பத்தா சூதுவாது தெரியாத பிள்ளையைத்தான் வெகுளி என்பார். கண்ணகி எப்படி வெகுளி? - வாசகி, தேவகோட்டை.

பதில்: அப்பத்தா சொல்வது இன்றைய வழக்கு, ஆசிரியை குறித்தது பழம்பொருள், சினம். குறளின் 31ஆம் அதிகாரமான 'வெகுளாமை' சினம் கொள்ளாமையைச் சொல்வதுதான். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் வகைகளில், ஏழாவது வெகுளி. அது உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடிக்குக் கேடு சூழ்தல்), அலை (அடித்து வருத்தல்), கொலை என்னும் நான்கால் பிறக்கும். இதில் கொலை என்பதற்கு, ஒருவரது அறிவையும் புகழையும் கொன்று பேசுதல் என்று பொருள் விரிக்கிறார் பேராசிரியர் என்ற பெயர்கொண்ட பழைய உரையாசிரியர். உங்கள் மகள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. கோவலன் உயிர் ஏற்கெனவே போய்விட்டது. 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' (கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது) என்னும்போது பாண்டியன் அவன் பேரையும் கொல்கிறான். வெகுளி பொங்க வேண்டியது அங்கேதான்.

பலரும் 'தேரா மன்னா' என்ற முதல் சொல்லிலேயே கத்திவிடுகிறார்கள். தொண்டை கட்டி, சிலம்பை உடைக்கும்போது குரலே எழும்பாது. அந்த வரியைத் தாழ்ந்த குரலில், நிறுத்திச் சொல்லட்டும். ஊரும் பேரும் சொல்லும் வரிகளும் அப்படியே. 'நற்றிறம் படராக் கொற்கை வேந்தே' என்பதில் குரல் ஏறினால் போதும்.

உடம்புக்கும் இலக்கணம் உண்டு. வெகுண்டவனின் அவிநயத்தை, அதாவது நடிப்பு முறையைச் சொல்லும் பழைய சூத்திரம் ஒன்றைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டுகிறார்: மடித்த வாய், மலர்ந்த மார்பு, துடித்த புருவம், சுட்டிய விரல், கைபுடைத்தல். 'கள்வன்' என்ற சொல் காதில் விழுந்ததும் உடனே பேச வேண்டாம். உதட்டை மடித்து மூச்சை இழுத்தால் மார்பு தானே மலரும், புருவமும் கூடவே துடிக்கும். விரல் அதற்குப் பிறகு. முதலிலேயே நீட்டிய விரலுக்குப் பின்னால் வேலை இருக்காது. ஒரு கையில் சிலம்பு இருப்பதால் கைபுடைத்தலை விட்டுவிடலாம்.

இன்னொன்று: கையில் ஏந்தி வந்த சிலம்பை உடைக்கக் கூடாது. பாண்டியன் வரவழைத்து முன்னே வைக்கும் சிலம்புதான் உடைய வேண்டும். அதிலிருந்து மாணிக்கம் தெறித்தால்தானே வழக்கு வெல்லும்!

வீட்டுக் கூடமான பட்டாலையில் மட்டும் ஒத்திகை பார்த்தால் சுவரும் தூணும் குரலைப் பெருக்கிக் காட்டும். திறந்தவெளி மேடையில் அந்தத் துணை இருக்காது. இரண்டு நாளாவது ஊருணிக் கரையில் நின்று பேசிப் பார்க்கட்டும்.