வாசகர் கேள்வி – பதில்: பழைய தாள் யார் கையில்?

கே: வாசிப்பு வட்டத்தில் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘1984’ நாவல் படித்தோம். அங்கேயும் அரசு பொய் சொல்கிறது, இங்கேயும் சொல்கிறது. பிறகு ஜனநாயகத்தை ஏன் மெச்சவேண்டும்?
– உயர்தர மாணவி, மாங்குளம்

ப: வன்னியில் இருந்துகொண்டு ஜனநாயகத்துக்கு மாலை சூட்டச் சொன்னால் கை கூசத்தான் செய்யும். சூட்டவேண்டாம். நாவலில் ஒரு சின்ன இடத்தைத் திரும்பப் பாருங்கள். வாராந்தச் சொக்லேட் பங்கீட்டைக் குறைக்கமாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்திருக்கும். பிறகு 30 கிராம் 20 ஆகும். அரசில் வேலை பார்க்கும் நாயகன் வின்ஸ்டன் பழைய பத்திரிகையில் அந்த வாக்குறுதியை மாற்றி எழுதுவான். மூலத்தாள் சுவர்த் துவாரம் வழியாக நெருப்புக்குப் போகும். மறுநாள், 20 ஆகக் ‘கூட்டியதற்கு’ நன்றி சொல்லி ஊர்வலம் நடந்ததாகச் செய்தி.

பொய் எந்த ஆட்சியிலும் உண்டு. அங்கே பழைய தாளின் பிரதி வேறு எவர் கையிலும் இல்லை, வித்தியாசம் அதுதான். இங்கே இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுத்துவிட்டு, “அப்படிச் சொல்லவேயில்லை” என்று ஒருவர் மறுத்தால், கூட்டக் குறிப்பை எடுத்து முன்னால் வைக்கலாம்.

நாவலில் காணாமற்போனவர் பிறக்கவேயில்லை என்று ஆகிவிடுவார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்துக்கு உரிய பதில் வரவில்லை. அது இந்த ஆட்சிமுறையின் தோல்வி, பூசி மெழுக ஒன்றுமில்லை. அவர்களைக் கண்காணிக்கப் படம் பிடிக்க ஆள் வரும்போது நாவல் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஆனால் அம்மாமார் காணாமற்போனவரின் படத்தை ஏந்திப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். நாவலின் நாட்டில் கேட்டவரின் பெயரும் சேர்ந்தே அழியும்.

கே: அந்தக் கூட்டக் குறிப்பை எங்களுக்குத் தருவார்களா?
– கமக்காரர், முத்தையன்கட்டு

ப: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரிய குளமென்றால் மாவட்டச் செயலகம், சிறு குளமென்றால் கமநல சேவை நிலையம். தமிழில் எழுதலாம், வெள்ளைத்தாளே போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளவேண்டும். எதற்கு என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

பலர் தவறுவது கேள்வியில். “ஏன் தண்ணீர் குறைத்தீர்கள்?” என்றால் சமாதானம்தான் வரும். “இந்தத் திகதிக் கூட்டத்தின் குறிப்புப் பிரதி, அதன்பின் ஏக்கர் அளவை மாற்றிய கடிதத்தின் பிரதி” என்று ஆவணத்தைக் கேளுங்கள். கையளித்தவுடன் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்காமல் படியிறங்கவேண்டாம். அது இல்லாவிட்டால் நாள் எண்ணமுடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு 3 வாரம். அதிலும் திருப்தியில்லையா, 2 மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. தேசிய பாதுகாப்பு உள்ளிட்ட சில காரணங்களைக் காட்டி மறுக்கச் சட்டமே இடம் விட்டிருக்கிறது. நம் பகுதியில் காணி விடயங்களில் அதில் முட்டிக்கொள்ள நேரிடலாம்.

கே: எங்கள் வீட்டில் ஒரு வாக்கு வீணாகிவிட்டதாம். எப்படி?
– வாசகி, செட்டிகுளம்

ப: 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதி, நவம்பர் 14 பாராளுமன்றம், 2025 மே 6 உள்ளூராட்சி: எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று வித வாக்களிப்பு முறை. குழம்பாமல் என்ன செய்யும்! ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பு எழுதலாம். உள்ளூராட்சியில் ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. பாராளுமன்றத்தில் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் போச்சு. நான்கு இலக்கத்துக்குப் போட்டால் விருப்பு மட்டும் போகும், கட்சி வாக்கு நிற்கும்.