ரிக்கெட்ஸ் கிளென்: ஆர்வி வண்டியோடு எந்த வழியில் ஏறுவது?

28 அடி ஆர்வியை (படுக்கை, சமையல் வசதியுள்ள பயண வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ரிக்கெட்ஸ் கிளென் அருவிப் பூங்காவுக்குப் போவதாகவும், மேப் ரெட் ராக் ஊர் வழியைக் காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த வழியில் ஏறாதீர்கள். ரெட் ராக்கிலிருந்து பூங்காவின் ஜீன் ஏரிக்கு ஏறும் 487ஆம் சாலை செங்குத்து. கனமான வண்டிகள் வடக்கே டஷோர் ஊரைச் சுற்றித் தெற்காக இறங்கி வருவதே சரி. நேரம் கூடும், பிரேக் பிழைக்கும்.

பூங்கா முகாமில் வண்டி நிறுத்தும் ஒவ்வொரு இடத்துக்கும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு என்று எதிர்பார்க்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது.

அம்மாவுக்கு முட்டிவலி என்றால் அருவிகளைப் பார்க்கும் ஏழு மைல் நடைச் சுற்று வேண்டாம். ரோஸ் ஏரிப் பக்கம் தொடங்கும் மூன்றே கால் மைல் சுற்றிலேயே பெரும்பாலான அருவிகள் வந்துவிடும், 94 அடி கனோகா உட்பட. ஆனால் அதுவும் கல்படிதான், சாரலில் எப்போதும் நனைந்தே கிடக்கும். நான் செருப்போடு போய், பாதிப் படியை உட்கார்ந்தே இறங்கினேன். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம். அம்மாவை ஜீன் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதுதான் என் யோசனை.