விரிப்பை இரவே விரித்து வையுங்கள் - யோகா கேள்வி பதில்

கேள்வி: யோகாவை வகுப்புக்குப் போய் முறையாகத்தான் கற்றுக்கொண்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் செய்வது என்று முடிவெடுப்பேன். ஒரு வாரம் ஓடும். ஒருநாள் தவறிவிட்டால் அதோடு மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. எனக்கு மனஉறுதி போதவில்லையா, மேடம்? - ஒரு வாசகி

பதில்: மனஉறுதி இல்லாதவர் திரும்பத் திரும்பத் தொடங்க மாட்டாரே! சிக்கல் அந்த ஒரு மணி நேரத்தில்தான். வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்லச் செய்கிறோம், நேரம் போவதே தெரியாது. வீட்டில் அடுத்தது என்ன என்று நாமேதான் யோசிக்க வேண்டும். என்னிடம் படித்தவர்களில் வீட்டுப் பயிற்சி நின்றுபோனவர்கள் பெரும்பாலும் பெரிதாகத் திட்டம் போட்டவர்கள்தான்.

பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை நம்பாமல், எப்படியும் தினமும் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். பல் தேய்த்து முகம் துடைத்ததும் நேரே விரிப்புக்கு. கைபேசி அடுத்த அறையிலேயே இருக்கட்டும். விரிப்பை இரவே விரித்து வைத்துவிட்டுப் படுங்கள். அலமாரியைத் திறந்து, அதை எடுத்து, நாற்காலியை நகர்த்தி இடம் ஒதுக்குவதற்குள்தான் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

பத்து நிமிடத்தில் என்ன செய்வது? நின்றபடி, மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை உயர்த்தி, விட்டுக்கொண்டே இறக்குங்கள், ஆறு முறை. பிறகு கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது நெஞ்சை விரித்து முதுகைத் தாழ்த்துங்கள், விடும்போது முதுகை மேலே குவியுங்கள், எட்டு முறை. அப்புறம் மல்லாந்து படுத்து முழங்கால்களை நெஞ்சோடு அணைத்துச் சில மூச்சுகள். கடைசி இரண்டு நிமிடம், உடம்பைத் தளர்த்தி அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் சவாசனம். நேரம் போதாவிட்டால் எல்லோரும் முதலில் வெட்டுவது சவாசனத்தைத்தான், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். செய்த அசைவெல்லாம் உடம்பில் அடங்குவது அப்போதுதான். வேறு எதையாவது குறையுங்கள். வரிசையையும் தினம் மாற்ற வேண்டாம். கூடுதலாகச் செய்யத் தோன்றும் நாளில் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மறுநாள் கணக்கு மறுபடி பத்து நிமிடம்தான்.

ஒருநாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர 66 நாள் வாக்கில் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுகிறது. இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 21 நாளில் வந்துவிடும் என்ற பேச்சை நம்பி, வரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பயிற்சி உறுதியாக ஊன்ற வேண்டுமானால் நெடுங்காலம், இடைவிடாமல், சிரத்தையோடு செய்ய வேண்டும் என்கிறார் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி. தினம் எத்தனை நிமிடம் என்று அந்தச் சூத்திரத்தில் அவர் கணக்கு வைக்கவில்லை.

கேள்வி: காலையில் எழுந்து குனிந்தாலே முதுகு பிடித்துக்கொள்கிறது. மாலையில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் சற்று உயரமாக இருப்பதும் அதனால்தான். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் டிஸ்க்குக்கும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களுக்கும் சிரமம் அதிகம். உட்கார்ந்து முன்னே குனியும் பஸ்சிமோத்தாசனம், நின்று குனியும் பாதஹஸ்தாசனம் இரண்டையும் மாலைக்குத் தள்ளிவையுங்கள். வேலையிலிருந்து வந்து உடை மாற்றியதும், உட்காருவதற்கு முன்பே விரிப்புக்குப் போய்விட வேண்டும். ஒருமுறை சாய்ந்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று, நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பிட்ட பிறகும் உட்காரக்கூடியது, முழங்காலை மடக்கிக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம். முழங்கால் வலி இருந்தால் அதுவும் வேண்டாம். முதுகு வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தலைகீழாக நிற்கும் சிரசாசனம் செய்யாவிட்டால் முழுப் பலன் கிடைக்காது என்கிறார்களே?

பதில்: ஐயா, சிரசாசனம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். கையில்லாத உறுதியான நாற்காலியில் பாதங்கள் தரையில் முழுதாகப் படும்படி உட்கார்ந்து, மூச்சோடு கைகளை உயர்த்தி இறக்குங்கள்; முதுகை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். எந்த இடத்திலும் மூச்சை அடக்க வேண்டாம். இதுவும் முழுமையான யோகாதான்.

கேள்வி: வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறது. நிரந்தரமான நேரமே இல்லாத என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் ‘காலை’ என்பது நீங்கள் விழிக்கும் நேரம். அது பகல் இரண்டு மணியானாலும் சரி, எழுந்து பல் தேய்த்ததும் அந்தப் பத்து நிமிடம். பணி முடிந்து தூங்கப் போகும் முன் சூரிய நமஸ்காரம் போன்ற சுறுசுறுப்பான பயிற்சிகள் வேண்டாம், தூக்கம் கலைந்துவிடும். சுவரை ஒட்டிப் படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்து மேலே நீட்டிக்கொள்ளுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை நிதானமாக விடுங்கள். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால்தான் விடும் நேரத்தை நீட்டச் சொல்கிறேன். எண்ணிக்கை திணறலாக இருந்தால் மூன்று, நான்கு என்று குறைத்துக்கொள்ளலாம். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கால்களை உயர்த்தாமல் சாதாரணமாகப் படுத்தே இதைச் செய்யலாம்.