படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை: குயீன் டிவிடி

வணக்கம் சகோதரம். மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த குயீன் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் 'கிரேட்டஸ்ட் வீடியோ ஹிட்ஸ் 1' டிவிடியில் படம் ஓடுகிறது, சத்தம்தான் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தட்டில் பழுது இருக்காது, எறிந்துவிடாதீர்கள்.

2002இல் வந்த அந்தத் தொகுப்பில் டிடிஎஸ் 5.1 (பல ஸ்பீக்கர்களுக்கான சுற்றொலி), பிசிஎம் ஸ்டீரியோ (சாதாரண இடம்-வலம் ஒலி) என இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. டிடிஎஸ் தடத்தைப் பிரித்தெடுக்கத் தெரியாத பழைய பிளேயர், ரீவிக்கு வெறும் மௌனத்தைத்தான் அனுப்பும். பாட்டு ஓடும்போதே ரிமோட்டில் ஓடியோ பொத்தானை அழுத்துங்கள். ஸ்டீரியோ தடத்துக்கு மாறியதும் பாடகர் பிரெடி மெர்குரியின் குரல் வந்துவிடும். உப்புவெளியில் என் வீட்டிலும் இப்படித்தான் சரியானது.

எந்த நாட்டுப் பிளேயரில் தட்டு ஓடும் என்பதைக் காட்டும் பிராந்தியக் குறியீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இலங்கைக்கு 5, பிரித்தானியாவுக்கு 2. ஆனால் படம் ஓடுகிறதே, அது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

அப்புறம், திருகோணமலையின் உப்புக்காற்றில் தட்டை வெளியே வைக்காதீர்கள். துடைப்பதென்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

சத்தம் வந்ததும் முதலில் 1975இல் எடுத்த 'பொஹீமியன் ராப்சொடி' காணொளியைப் போடுங்கள். இருட்டில் நான்கு முகங்கள் தோன்றும் இடத்தை நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும்!