வீட்டுக் கட்டணங்களைப் பேரம் பேசிக் குறைக்க முடியுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

முடியும், ஆனால் எல்லாக் கட்டணங்களையும் குறைக்க முடியாது. எது முடியும், எது முடியாது என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கேள்வியின் இரண்டாவது வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. வேலைக்குப் போகும் தம்பதியர், அடுக்குமாடி வீடு, அடுத்த மாதம் முடியவிருக்கும் இணைய ஒப்பந்தம், "குறைத்துத் தாருங்கள் என்று கேட்டால் நம்மைக் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ" என்ற தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்துக்கு என் வீடு பல ஆண்டுகள் காசு கொடுத்திருக்கிறது.

நான் மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங்கில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். துப்புரவு, லாரி வாடகை, குளிர்சாதனப் பராமரிப்பு, நகல் இயந்திரம் என்று எந்த ஒப்பந்தமாக இருந்தாலும், அது முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே மூன்று இடங்களில் விலை கேட்டு மேசையில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. பழைய ஒப்பந்தக்காரரே தொடர்ந்தாலும் அந்தத் தாள்களைக் காட்டாமல் கையெழுத்து விழாது. அதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதே நான், மாலையில் வீட்டுக்கு வந்ததும் வருகிற பில்லை வருகிறபடியே கட்டிக்கொண்டிருந்தேன். லெபோ பசாரில் சேலைக்கடையில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) குறைப்பதற்காக இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பி வரத் தெரிந்த எனக்கு, தொலைபேசியில் ஒரு நிறுவனத்திடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

2024இல் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு இளம் குடும்பம் வாடகைக்கு வந்தது. அந்தப் பெண் பேச்சுவாக்கில், இணையத்துக்கு மாதம் 99 வெள்ளி கட்டுவதாகச் சொன்னாள். அதே நிறுவனம், அதே மாடி, எங்களுடையதைவிட மூன்று மடங்கு வேகம். நாங்கள் கட்டியது 149 வெள்ளி. ஆறு விழுக்காட்டுச் சேவை வரியைச் சேர்த்தால் 157 வெள்ளி 94 காசு. பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது, அது முடிந்து பத்தொன்பது மாதங்கள் ஆகியிருந்தன. அத்தனை மாதங்களும் நாங்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத வாடிக்கையாளர்களாக, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமையோடு, கூடுதல் விலையைக் கட்டியிருக்கிறோம். வரியோடு சேர்த்து மாதத்துக்கு 53 வெள்ளி வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் 1,007 வெள்ளி. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவளின் வீட்டில் நடந்த கதை இது.

அன்று இரவே அழைத்தேன். என் கணவருக்கு இதெல்லாம் கௌரவக் குறைச்சல். நான் தொலைபேசியை எடுத்ததும் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். மூன்று மொழிகளில் எதையாவது தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்தப் பதிவுக் குரலில் தமிழ் இல்லை. பினாங்கில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, மாதம் தவறாமல் பணம் கட்டும் நமக்கு ஓர் எண்ணை ஒதுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம். நீங்கள் இதைக் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

முதலில் பேசிய இளைஞர் பண்பாகவே பேசினார். "சிஸ்டம் தாக் போலே, புவான்" என்று மூன்று முறை சொன்னார். அதாவது கணினி அனுமதிக்காதாம். கூடவே, இன்னும் இருபது வெள்ளி சேர்த்துக் கட்டினால் வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். நான் குறைக்கக் கேட்டேன், அவர் கூட்ட வழி காட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய மேசைக்கு அவ்வளவுதான் அதிகாரம். மறுநாள் மறுபடியும் அழைத்து, "சாயா நாக் தாமாத்கான் செர்விஸ்", சேவையை முடித்துக்கொள்ள விரும்புகிறேன் என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு அழைப்பு வேறொரு பிரிவுக்குப் போனது. விலகப்போகிற வாடிக்கையாளரைத் தக்கவைப்பதற்கென்று தனியாக ஆட்களை வைத்திருக்கிறார்கள், விலையைத் தொடும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. இது மிரட்டல், பொய் என்று சிலர் சொல்லக்கூடும். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் கட்டடத்துக்குக் கண்ணாடி இழை (ஃபைபர்) இணைப்பு கொடுக்கும் இன்னொரு நிறுவனத்தின் விலையைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், தரமாட்டோம் என்று சொல்லியிருந்தால் மாறியிருப்பேன்.

அந்தப் பிரிவில் பேசிய பெண், முதல் ஆறு மாதங்களுக்கு 89 வெள்ளி, பிறகு வழக்கமான விலை என்றார். வழக்கமான விலை எவ்வளவு என்று கேட்டேன். 129 என்றார். நாட்காட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதம் 89, பதினெட்டு மாதம் 129, மொத்தம் 2,856. மாதச் சராசரி 119. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருபத்து நான்கு மாதமும் 99, மொத்தம் 2,376. வித்தியாசம் 480 வெள்ளி என்று சொன்னதும் எதிர்முனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு, 99 வெள்ளியே கடைசிவரை என்று ஒப்புக்கொண்டார். அதை மின்னஞ்சலில் அனுப்பினால்தான் சம்மதம் என்றேன், வந்தது. போன பத்தொன்பது மாதங்களுக்கு ஏதாவது திருப்பித் தருவீர்களா என்றும் கேட்டேன். ஒரு காசுகூடத் தரவில்லை. அந்த விலைக்கு நாங்களேதான் கையெழுத்துப் போட்டிருந்தோம் என்பதால் அதற்கு மேல் வாதாடவில்லை. ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு மலிவாகவும், ஆண்டுக்கணக்காக இருப்பவருக்கு அதிகமாகவும் விற்கிற வழக்கம் எனக்கு இன்றும் செரிக்கவில்லை.

இணையத்தில் இப்படிப் பேரம் பேச முடிவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் இழை வலையமைப்பில் மற்ற நிறுவனங்களும் சேவை விற்பதற்கு அந்த நிறுவனத்துக்குத் தர வேண்டிய மொத்த விற்பனை விலையை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கட்டுப்படுத்துகிறது. 2018 ஜூனில் அந்த விலைகள் குறைக்கப்பட்ட பிறகுதான் நம் வீட்டு இணைய விலைகளும் இறங்கின. ஆனால் கடைசியாக நம்மிடம் கேட்கும் விலை ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம். எனவே உங்கள் கட்டடத்துக்கு எத்தனை நிறுவனங்கள் சேவை தருகின்றன என்பதை முதலில் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுதான் என்றால் உங்கள் பேச்சில் வலு இருக்காது.

மின்சாரத்திலும் தண்ணீரிலும் இந்த வித்தை நடக்காது. அந்த விலைகள் அரசின் ஒப்புதலோடு நிர்ணயிக்கப்படுபவை. மின்சார நிறுவனமான தெனாகாவின் முகப்பில் நின்று எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும் ஒரு காசு குறையாது. அங்கே வரம்பைத் தெரிந்து வைத்திருப்பதுதான் பேரம். 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய கட்டண முறையில், மாதம் 600 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டுக்கு 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் (ரீடெய்ல் சார்ஜ்) இல்லை, எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் கட்டணமும் இல்லை, சேவை வரியும் இல்லை. 610 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு அந்தப் பத்து யூனிட் எவ்வளவு விலையுயர்ந்தது என்று பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு விண்ணப்பித்து மாறிக்கொள்ளலாம். வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை விலை கூடுதல், மற்ற நேரமும் வார இறுதியும் குறைவு. பகலில் வேலைக்குப் போய், இரவு பத்துக்கு மேல் குளிர்சாதனம் போட்டுத் தூங்குகிற உங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தக்கூடும். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் எங்களுக்குப் பொருந்தாது.

கார்க் காப்பீட்டில் எனக்குப் பணம் மிச்சமானது, உறவு கொஞ்சம் கெட்டது. எங்கள் மைவி காருக்கு ஆண்டுதோறும் காப்பீடு எடுத்துத் தருபவன் என் தம்பி மகன். நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் ஏஜெண்டாக இருப்பார், அவரிடம் விலை கேட்பதே பாவம் என்பது எழுதாத சட்டம். போன ஆண்டு 632 வெள்ளி என்றான். வேறு இடத்தில் விசாரித்தாயா என்றதற்கு, "அத்தை, எல்லாக் கம்பெனியிலும் ஒரே விலைதான்" என்றான். ஒரு காலத்தில் அது உண்மை. ஆனால் 2017 ஜூலை 1 முதல் முழுக்காப்பீட்டின் விலையை அந்தந்த நிறுவனமே நிர்ணயிக்கலாம் என்று ஆகிவிட்டது. அதே காருக்கு, அதே காப்புத் தொகைக்கு, வேறொரு நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே நேரடியாக எடுத்தபோது 513 வெள்ளி வந்தது. ஏஜெண்டு இல்லாததால் பத்து விழுக்காடு கழிவும் அதில் அடக்கம். ஐந்து ஆண்டு விபத்துக் கோரிக்கை இல்லாததால் கிடைத்த 55 விழுக்காட்டுக் கழிவு, அதாவது என்சிடி, நிறுவனம் மாறினால் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது உங்களுடையது, உங்களோடு வரும். விலையை ஒப்பிடும்போது காப்புத் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதைக் குறைத்து விலையைக் குறைத்துக் காட்டுவது எளிது. தம்பி மனைவி அதன் பிறகு ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள். 119 வெள்ளிக்காகச் சொந்தத்தை இழக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், அவனிடம்தான் முதலில் கேட்டேன் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் "நிறுத்திவிடுவேன்" என்ற வாக்கியத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். இணையத்தை நிறுத்தினால் மறுநாள் வேறு இடத்தில் வாங்கலாம். மருத்துவக் காப்பீட்டை விட்டுவிட்டு ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக எடுக்கப் போனால், இருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் விலக்குப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும், காத்திருப்புக் காலமும் புதிதாகத் தொடங்கும். பிரீமியம் ஏறுகிறது என்று கடிதம் வந்தால், அந்த ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கூறியிருக்கிறது என்பதை நினைவூட்டுங்கள். செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் மலிவான திட்டத்துக்கு, உள்ளே இருந்தபடியே மாற முடியுமா என்றும் கேளுங்கள்.

தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பெருமையடித்துக்கொள்வதாகத் தோன்றும். பேரங்காடியில் ஒரு முகப்பில் நின்று, இலவசக் குடைக்கு மயங்கி, தண்ணீர் வடிகட்டிக்கு அறுபது மாத வாடகை ஒப்பந்தம் போட்டேன். மூன்றாம் ஆண்டில் விலையைக் குறைக்கக் கேட்டபோது, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையை வாசித்துக் காட்டினார்கள். அதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? ஆனால் வடிகட்டியை மாற்ற வர வேண்டிய தேதிகளில் இரண்டு முறை ஆள் வரவில்லை என்பதைக் குறித்து வைத்திருந்தேன். அதைத் தேதியோடு எழுதி, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகத் தயார் என்றும் எழுதியதும் இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த மன்றத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், கிரீன் லேனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவு மல்லுக்கட்டி என்ன மிச்சம் என்று என் மகனும் கேட்டான். "அம்மா, ஐம்பது வெள்ளிக்கு ஒரு மணி நேரம் போனில் பேசுவீங்களா?" என்றான். இரண்டு அழைப்பும் சேர்த்து ஐம்பத்தைந்து நிமிடம், இரண்டு ஆண்டுகளுக்கு 1,272 வெள்ளி என்றேன். அவனுடைய கைப்பேசிச் சந்தாவும் இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் தானே அழைத்தானா, அவன் மனைவி அழைத்தாளா என்று சொல்ல மறுக்கிறான்.

உங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்றால், இந்த வாரமே அழையுங்கள். விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, இன்னொரு நிறுவனத்தின் விலையைத் தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். பேசுபவரின் பெயர், தேதி, புகார் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சமாக இருந்தால் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். நான் இரண்டாவது முறை அழைத்தது என் கணவர் மீன் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தபோதுதான்.