டாட் காமைக் காப்பாற்றுங்கள், டாட் இன்னை விட்டுவிடுங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு என் தாத்தா பெயர். 2009இல் அதே பெயரில் டாட் காம் டொமைன் (இணைய முகவரி) எடுத்தோம். வெப் டிசைனர் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தார், 2022இல்தான் என் பெயருக்கு மாற்றினோம். 2021இல் அதே பெயரில் டாட் இன் டொமைனையும் வாங்கினேன். அதில் கடையின் தளம் இல்லை, திறந்தால் ஏதோ புடவை விளம்பரங்கள் வருகின்றன. 2016இல் ஆரம்பித்து 2017இல் இந்தப் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்த ஒரு டெல்லி நிறுவனம், இரண்டையும் ஒப்படைக்கச் சொல்லி மிரட்டல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கோபத்தில், "50 லட்சம் கொடுத்துவிட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மெயில் போட்டுவிட்டேன். துபாயில் இருக்கும் மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு ஏற்கெனவே கோரிக்கை வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

தாத்தா பெயர், நோட்டீசின் தொனி, டெல்லிக்காரர்களின் திமிர் எதுவும் இங்கே கணக்கில்லை. ஒவ்வொரு டொமைனும் எந்தத் தேதியில் யார் கைக்கு வந்தது என்பதுதான் கேள்வி. டாட் காம் தகராறு யுடிஆர்பி விதிகளின்படி, அதாவது டொமைன் சண்டைகளை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர்கள் தீர்க்கும் சர்வதேச விதிகளின்படி நடக்கும். அதில், நீங்கள் கெட்ட எண்ணத்தோடு பதிந்தீர்கள், அப்படியே பயன்படுத்தவும் செய்கிறீர்கள் என்று இரண்டையும் அவர்கள் நிரூபிக்க வேண்டும். 2009இல் இல்லாத நிறுவனத்தைக் குறிவைத்து யாரும் டொமைன் பதிய முடியாது. ஆண்டுதோறும் புதுப்பித்தது புதுப் பதிவாகாது. ஆனால் வேறொருவர் பெயருக்கு மாற்றுவது பொதுவாகப் புதுப் பதிவாகவே பார்க்கப்படும். மைத்துனர் பெயருக்குப் போன அன்றே உங்கள் 2009 பதிவுத் தேதி போய்விடும், நோட்டீஸ் வந்த பிறகு ஓடினீர்கள் என்ற பழியும் சேரும். நல்ல வழக்கை இப்படித் தாங்களே கெடுத்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதே காரணத்தால் உங்கள் 2022 மாற்றமும் எனக்குக் கவலை தருகிறது. எதிர்த் தரப்பு அதைத்தான் பதிவுத் தேதி என்று வாதிடும். டிசைனர் உங்களுக்காகத்தான் வைத்திருந்தார் என்பதற்கு 2009 முதலான பில், வங்கிக் கணக்கு விவரம், பழைய மெயில், கடையின் விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். டிசைனரிடம் ஒரு அஃபிடவிட்டும் வாங்குங்கள். அவரோடு சண்டை இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

அப்புறம், பதிவாளரிடம், அதாவது உங்களுக்கு டொமைன் விற்ற நிறுவனத்திடம், எந்த மெயில் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். 2010 மார்ச்சிலிருந்து புகார் மின்னஞ்சலில்தான் வருகிறது, தபாலில் வெறும் அறிவிப்பு மட்டும். 2015 ஜூலை இறுதியில் அமலான திருத்தத்துக்குப் பிறகு, புகார் கொடுப்பவர் முன்கூட்டி உங்களுக்கு நகல் அனுப்ப வேண்டியதில்லை. டொமைனை யாருக்கும் மாற்ற முடியாதபடி பூட்டிய பிறகுதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும். பதில் சொல்ல 20 நாள், கேட்டால் கூடுதலாக 4 நாள். யாரும் திறக்காத பழைய மெயில் பெட்டியில் அந்த நாட்கள் கழிந்துவிட்டால், உங்கள் 2009 ஆதாரத்தை எடுத்துச் சொல்ல ஆளிருக்காது.

டாட் இன் கதை வேறு. அதற்கு, டாட் இன்னை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு விதி, நடுவர் தீர்ப்பு. இதில் கெட்ட எண்ணத்தோடு பதிந்தது அல்லது பயன்படுத்துவது, ஏதாவது ஒன்று போதும். நீங்கள் வாங்கியது அவர்களுடைய டிரேட்மார்க்குக்கு நான்கு ஆண்டு பிந்தி. கடைப் பெயர் என்பதால் உங்களுக்கும் ஒரு வாதம் உண்டுதான். ஆனால் அங்கே கடை இல்லை, புடவை விளம்பரம் ஓடுகிறது. பதிவாளர் தானாகப் போட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. அதன் மேல் உங்கள் 50 லட்ச மெயில். டாட் காமுக்கு அந்த மெயில் மட்டும் எமனாகாது, ஏனென்றால் தேதி உங்கள் பக்கம். டாட் இன்னுக்கு அதுவே அவர்களின் முதல் சாட்சி. இனி தொகை எதையும் எழுதாதீர்கள். மேலே 'வித்தவுட் பிரெஜுடிஸ்' (இதை எனக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது) என்று போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்றும் நம்பாதீர்கள், இந்த நடுவர்கள் அதையும் மீறிப் படிப்பார்கள்.

என் யோசனை சமரசம். டாட் இன்னைப் பதிவுச் செலவுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு டாட் காமிலும் கடைப் பெயரிலும் தலையிட மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் இதற்குச் சம்மதிக்கக் காரணம் உண்டு. டிரேட்மார்க் சட்டத்தின் 34ஆம் பிரிவு முந்திப் பயன்படுத்தியவரைக் காக்கிறது. டொமைன் பெயருக்கும் அப்படி உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சிஃபி வழக்கிலேயே சொல்லிவிட்டது. இந்தப் புகார்களை விசாரிக்கும் ஐ.நா. அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் டாட் காமுக்குப் புகார் கொடுக்க, ஒரே நடுவர் என்றால் 1,500 டாலர் அவர்கள் கட்ட வேண்டும். நடுவரை நியமிப்பதற்குள் முடித்துக்கொண்டால் 1,000 டாலர் திரும்பக் கிடைக்கும், எனவே புகார் வந்த பிறகும் பேச இடமிருக்கிறது. ஜெயித்தாலும் உங்களுக்குச் செலவுத் தொகை கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். மூன்று நடுவர் வேண்டும் என்று நீங்கள் கேட்டால் 2,000 டாலர் உங்கள் பங்கு, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். 2009 பில் கையில் இருந்தால் ஒரு நடுவரே போதும்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை டாட் இன்னைக் கொடுக்காதீர்கள். அந்த விளம்பரப் பக்கத்தை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.